அரைப்புள்ளி

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் எழுத்தில் மிகுதியாகக் காணும் பிழை எது என்று கேட்டால், தனித்து நிற்கவல்ல இரண்டு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டிவிடுவதையே சொல்வேன். "தி பெல் ராங், வி வென்ட் இன்" என்று எழுதுவர். ஆங்கில இலக்கணம் இதனை ஏற்பதில்லை. காற்புள்ளியோடு 'அண்ட்', 'பட்' போன்ற இணைப்புச்சொல் வேண்டும். அல்லது அரைப்புள்ளி வேண்டும். இரண்டும் இல்லையேல் முற்றுப்புள்ளி. 'ஹவெவர்' என்பது இணைப்புச்சொல் போலத் தோன்றி ஏமாற்றும். இரு வாக்கியங்களுக்கு நடுவே வந்தால் அதற்கு முன்னும் காற்புள்ளி போதாது.

இதற்காக மாணவரை மட்டும் நோவது முறையன்று. தமிழில் "மணி ஒலித்ததும் உள்ளே சென்றோம்" என்கிறோம். முதல் வினை எச்சமாகி அடுத்ததைத் தேடி நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள உறவு அவ்வினையிலேயே அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரு வினைகளும் முற்றாகவே நிற்கும்போது, உறவைக் காட்டும் பொறுப்பு ஒரு சிறு குறியின் தலையில் விழுகிறது. கால், அரை, முக்கால், முழு என்று நம்மவர் அளந்து பெயரிட்டது அழகே. ஆயினும் அப்பெயர்கள் மூச்சின் இடைவெளியை அளக்கின்றனவேயன்றி உறவை அளக்கவில்லை.

இன்று நாம் அறிந்த அரைப்புள்ளியை 1490களில் வெனிஸ் நகரில் அச்சிட்டவர் ஆல்டஸ் மனுசியஸ். அது இடம்பெற்ற தொடக்க நூல் ஒன்றின் ஆசிரியரான பியெத்ரோ பெம்போ, 1539இல் கர்தினாலானார் என்பது நமக்குச் சுவையான செய்தி.

மறைக்கல்வி ஆசிரியர் சிலர்க்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் கற்பித்து வந்தேன். அவர்களுள் ஓர் இளம்பெண், "இரண்டும் முழு வாக்கியங்கள் என்றால் முற்றுப்புள்ளி போதாதா, ஐயா?" என்று கேட்டார். விதியைத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. யோவான் நற்செய்தி எட்டாம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னேன்.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் ஆண்டவர் இறுதியாகக் கூறுவன இரண்டு: தாமும் அவளைத் தீர்ப்பிடவில்லை என்பது ஒன்று, இனிப் பாவம் செய்யாது செல்லவேண்டும் என்பது மற்றொன்று. கிரேக்க மூலத்தில் இவற்றுக்கிடையே 'ஆகவே' என்றோ 'ஆனால்' என்றோ ஒரு சொல்லும் இல்லை. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பதிப்பு அங்கே முக்காற்புள்ளி இட்டது. 1966இல் கத்தோலிக்கர்க்கென வந்த ஆர்.எஸ்.வி. பதிப்பு அரைப்புள்ளி இட்டது. 1989இன் என்.ஆர்.எஸ்.வி. முற்றுப்புள்ளி இட்டுப் பிரித்துவிட்டது.

இலக்கணப்படி மூன்றும் சரியே. என் மனம் அரைப்புள்ளியை நாடுகிறது. 'ஆகவே' என்று சேர்த்தால் மன்னிப்பு கொடுத்த கடனாகிவிடும். 'ஆனால்' என்றால் அச்சுறுத்தலாகிவிடும். முற்றுப்புள்ளியோ கேட்பவர் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள வழிவிடுகிறது. தவறியோரிடம் முதற்பாதியை மட்டும் சொல்லித் தட்டிக்கொடுப்போரும் உளர். இரண்டாம் பாதியை மட்டும் கையிலேந்திச் செல்வோரும் உளர். பங்கு வாழ்வில் பின்னவரே மிகுதி என்பது என் கணிப்பு.

அப்பெண் இரு பதிப்புகளையும் உரக்க வாசித்துப் பார்த்தார். "முற்றுப்புள்ளி வைத்ததில் அவள் எழுந்து போகத் தொடங்கிவிட்டாள், ஐயா, மற்றதில் இன்னும் அவர் முகத்தைப் பார்த்து நிற்கிறாள்" என்றார். அடுத்த வாரம் அவர் எழுதிவந்த கட்டுரையில் வேண்டிய இடத்திலும் வேண்டாத இடத்திலும் அரைப்புள்ளிகள் நிறைந்திருந்தன. பாதியை அடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.