புகையில் பிறக்கும் கருங்கலங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடு என்றதும் வானளாவிய மாளிகைகளும் விரைந்தோடும் ஊர்திகளுமே நம்மில் பலருக்கு நினைவிற்கு வரும். ஆயினும் அந்நாட்டின் தென்மேற்குப் பகுதியிலுள்ள நியூ மெக்சிகோ மாநிலத்தில், வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லால் எழுப்பி, மண் பூசி மெழுகிய வீடுகளைக் கொண்ட தொல்குடி ஊர்கள் 19 இன்றும் உள்ளன. இவற்றைப் 'புவெப்லோ' என்று அழைப்பர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு 'ஊர்' என்பதே பொருள். அவ்வூர்களுள் ஒன்றுதான் சான் இல்தெபோன்சோ. அளவில் சிறிய அவ்வூரின் பெயர், அங்குப் பிறக்கும் கருநிற மட்கலங்களால் உலகெங்கும் பரவியுள்ளது.

மாநிலத் தலைநகராகிய சாந்தா ஃபே நகரின் பெயருக்குத் 'தூய விசுவாசம்' என்று பொருள். அங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 20 மைல் சென்றால், ரியோ கிராண்டே ஆற்றை அடுத்து இவ்வூரைக் காணலாம். சுற்றிலும் வறண்ட நிலம். ஆங்காங்கே ஜூனிப்பர் மரங்கள். வடக்கே தனித்து உயர்ந்து நிற்கும் கரும்பாறை மேடு. மேற்கே பாஹரித்தோ என்னும் பரந்த மேட்டுநிலம். ஊர் நடுவே அகன்ற முற்றமும், வட்ட வடிவில் அமைந்த 'கிவா' என்னும் தொல்வழிபாட்டுக் கூடமும், சற்றுத் தொலைவில் கத்தோலிக்கக் கோவிலும் உள்ளன. இம்மக்களின் தாய்மொழி டேவா.

கிவாவும் கோவிலும் ஓரூரில் அமைதியாக நிற்பதற்குப் பின்னே துயரம் மிகுந்த வரலாறு உண்டு. ஸ்பானியர் இந்நிலத்தைக் கைப்பற்றியபோது, மக்களிடம் கட்டாய உழைப்பையும் தானியத்தையும் வாங்கினர். அவர்தம் முன்னோர் சடங்குகளையும் ஒடுக்கினர். 1680-ஆம் ஆண்டு புவெப்லோ மக்கள் ஒன்றுதிரண்டு எழுந்தனர். அக்கிளர்ச்சியில் பிரான்சிஸ்கன் துறவியர் 21 பேர் உயிரிழந்தனர். ஸ்பானியர் 12 ஆண்டுகள் அம்மண்ணை விட்டு அகன்றிருந்தனர். மீண்டும் வந்தபின்னரும் பூசல் ஓயவில்லை. காலப்போக்கில் மக்கள் கிறித்தவ விசுவாசத்தையும் முன்னோர் வழக்கங்களையும் தம் வாழ்வில் ஒருங்கே இருத்திக்கொண்டனர். ஊரின் பாதுகாவலராகிய தொலேதோ நகர் ஆயர் புனித இல்தெபோன்சுவின் திருநாளான சனவரி 23 அன்று கோவிலில் திருப்பலி நிறைவேறும். முற்றத்திலோ முரசொலி முழங்க மான் ஆட்டமும் காட்டெருமை ஆட்டமும் நிகழும்.

இவ்வூரின் மட்பாண்டக் கலை ஒரு காலத்தில் அணையும் நிலையில் இருந்தது என்றால் வாசகர்கள் வியப்படையலாம். 1880-ஆம் ஆண்டளவில் இப்பகுதிக்கு இருப்புப் பாதை வந்தது. அதனோடு தகரவாளியும் இரும்புச் சட்டியும் மலிவாக வந்து சேர்ந்தன. விழுந்தாலும் உடையாத பாத்திரம் கிடைத்தபின் மண்குடத்தை நாடுவோர் யார்? அலுமினியமும் எவர்சில்வரும் அடுப்பங்கரையில் புகுந்ததும் நம் குயவர் தெருக்களுக்கு நேர்ந்த கதை இங்கும் நேர்ந்தது.

அந்நாளில் இவ்வூரில் வாழ்ந்தவர் மரியா மார்த்தினேஸ். 1887-ஆம் ஆண்டளவில் பிறந்தவர். அவருடைய டேவாப் பெயர் 'போவெகா'. குளத்து அல்லி என்பது அதன் பொருள். சிறுமியாக இருந்தபோதே, தம் சிற்றன்னை நிக்கொலாசா கலம் வனைவதை அருகிலிருந்து பார்த்துப் பார்த்துத் தொழிலைக் கற்றார். 1904-இல் ஜூலியன் என்பவரை மணந்தார். சில ஆண்டுகளுக்குப் பின், எட்கர் ஹ்யூவெட் என்னும் தொல்லியலாளர் பாஹரித்தோ மேட்டில் அகழாய்வு நடத்தினார். அங்குக் கூலிவேலை செய்தோருள் ஜூலியனும் ஒருவர். மண்ணுக்குள் கிடைத்த பழைய ஓடுகளைக் கண்ட ஹ்யூவெட், அவற்றைப் போன்ற முழுக் கலங்களைச் செய்து தருமாறு மரியாவைக் கேட்டுக்கொண்டார். மரியா வனைந்தார், ஜூலியன் சித்திரம் தீட்டினார். மறந்துபோன முன்னோர் கலை உடைந்த ஓட்டுச் சில்லிலிருந்து இவ்வாறு மீண்டும் தளிர்விட்டது.

அவர்கள் கலம் செய்யும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். முதலில் மண். களிமண் எடுக்கச் செல்லும்போது மண்ணன்னைக்கு வேண்டுதல் செய்து, தேவையான அளவே எடுப்பது மரபு. அதை உலர்த்திச் சலித்து, அப்பகுதியிலேயே கிடைக்கும் நுண்ணிய எரிமலைச் சாம்பலைச் சேர்த்துப் பிசைவர். சாம்பல் சேராத வெறுங்களிமண் உலரும்போது மிகுதியாகச் சுருங்கி வெடித்துவிடும்.

குயவர் திகிரி இங்கு இல்லை. அப்பம்போல் தட்டிய மண்ணை 'பூக்கி' என்னும் ஆழமற்ற தட்டில் அமர்த்தி, அதன் விளிம்பின்மேல் கையால் உருட்டிய மண்திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி அடுக்குவர். சுரைக்குடுக்கைச் சில்லால் உள்ளும் புறமும் வழித்து, திரிகளின் தடம் தெரியாதவாறு சுவரை உயர்த்துவர். கண்ணும் கையுமே அளவுகோல். ஆயினும் மரியாவின் கலங்களைக் காண்போர் அவை திகிரியில் வனையப்படாதவை என்பதை எளிதில் நம்பமாட்டார்கள். அத்துணைச் சீரான உருட்சி!

கலம் நன்கு உலர்ந்தபின் அதைச் சுரண்டித் தேய்த்துச் சமன்செய்து, இரும்புச்சத்துள்ள செம்மண் குழம்பைத் துணியால் பூசுவர். பூச்சின் ஈரம் மறையுமுன் வழவழப்பான கூழாங்கல்லால் இடைவிடாது தேய்த்து மெருகேற்ற வேண்டும். நடுவில் நிறுத்தினால் தடம் விழும். அதன்பின் முழுவதையும் சுரண்டிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதுதான். இக்கற்கள் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனம்போல் வழிவழியாக வருபவை. மெருகேறிய பரப்பின்மேல் யூக்கா என்னும் செடியின் இலை நாரால் ஆன தூரிகை கொண்டு, களிமண் குழம்பால் நீர்நாகத்தையும் இறகு வரிசையையும் ஜூலியன் வரைவார்.

இனி எஞ்சியிருப்பது நெருப்பு. பல நாளைய உழைப்பு ஒரு காலைப்பொழுதில் நிறைவுறுவதும் வீணாவதும் இதனிடமே உள்ளது. காற்றில்லாத விடியற்காலையைத் தேர்ந்துகொள்வர். நிலையான சூளைக்கட்டிடம் ஏதுமில்லை. வெட்டவெளியில் தரையைச் செதுக்கிச் சமன்செய்த இடந்தான் சூளை. கீழே ஜூனிப்பர்ச் சுள்ளி. அதன்மேல் இரும்புத் தட்டி. தட்டியின்மேல் கவிழ்த்து வைத்த கலங்கள். அவற்றைச் சூழத் தகரத் தகடுகள். அதற்கும் மேலாக நாற்புறமும் மாட்டுச்சாண வறட்டி. வறட்டியின் அருமை நம் தாய்மார்க்குச் சொல்லித்தர வேண்டுவதில்லை. கலத்தில் சிறிது ஈரம் எஞ்சியிருந்தாலும் அது வெடித்துச் சிதறும். அதன் சில்லுகள் அண்டைக் கலத்தையும் கெடுக்கும். வெப்பம் அளவு கடந்தாலோ மெருகு மங்கிவிடும்.

தீ நன்கு பற்றி எரியும் வேளையில், பொடித்து உலர்த்திய குதிரைச் சாணத்தைக் கூடை கூடையாகக் கொட்டி நெருப்பை மூடுவர். இங்கேதான் கருமை பிறக்கிறது. மூடாமல் விட்டிருந்தால் அக்கலங்கள் செந்நிறமாகவே வெளிவந்திருக்கும். காற்றுப் புகாது மூடியதும் நெருப்பு, கலத்தின் செம்மண் பூச்சிலுள்ள இரும்பிலிருந்தே உயிர்வளியை இழுத்துக்கொள்கிறது. செந்நிற இரும்புத்துரு கருநிறமாக மாறுகிறது. புகையிலுள்ள கரித்துகளும் நுண்துளைகளில் படிகிறது. சாம்பலைக் கிளறிக் கலத்தை எடுத்துத் துணியால் துடைத்தால், மெருகிட்ட இடம் கண்ணாடிபோல் ஒளிர்கிறது. சித்திரம் தீட்டிய இடம் ஒளியற்ற கருமையாய்த் தெரிகிறது. கருமைமேல் கருமையாக அமைந்த இவ்வேலைப்பாட்டை மரியாவும் ஜூலியனும் 1919-ஆம் ஆண்டளவில் கண்டனர்.

இவ்வித்தையின் அடிப்படை தமிழ் மண்ணுக்கும் புதிதன்று. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரிலும் வைகைக் கரையின் கீழடியிலும் உள்ளே கருமையும் வெளியே செம்மையுமான பழங்கலங்கள் கிடைத்துள்ளன. காற்றுப் படாத பக்கம் கறுத்தது; காற்றுப் பட்ட பக்கம் சிவந்தது. ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டு மக்கள் நெருப்பிடம் ஒரே பாடத்தைக் கற்றிருக்கின்றனர்.

கருங்கலங்களுக்கு நாடெங்கும் விலை ஏறியது. இந்நிலையில் வேறொருவர் என்ன செய்திருப்பார்? வித்தையைத் தம் வீட்டுக்குள் பூட்டி வைத்திருப்பார். மரியாவும் ஜூலியனும் அவ்வாறு செய்யவில்லை. ஊரார் அறியும்படி அதைத் திறந்து கற்பித்தனர். நிலம் குறைந்து, பயிர் பொய்த்து, 1918-ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலில் பலரைப் பறிகொடுத்திருந்த ஊர் அது. ஒரு குடும்பம் மட்டும் உயர்வது அவ்வூர் வழக்கமன்று. அடுத்த சில ஆண்டுகளில் பல வீடுகளின் முற்றத்திலும் வறட்டிப் புகை எழுந்தது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. கலத்தின் அடியில் பெயர் பொறிப்பது அம்மக்களிடையே முன்பு இல்லாத பழக்கம். வாங்குவோர் விரும்பியதால் மரியா தம் பெயரைப் பொறிக்கலானார். பெயருள்ள கலத்துக்கு விலை கூடுதல் என்பதைக் கண்ட அண்டை வீட்டுப் பெண்கள், தம் கலங்களிலும் அவர் பெயரை இடுமாறு கேட்டனர். அவரும் தயங்காது இட்டுக் கொடுத்தார்! கலங்களைத் திரட்டுவோர்க்கு இது பெருந்தலைவலியாயிற்று. எது மரியாவின் கைவேலை, எது அண்டை வீட்டாரது என்று பிரித்தறிய வல்லுநர்கள் திணறினர். பெயர் என்பது வாங்கியவனுக்குத் தரும் உறுதிமொழி என்று அவர்கள் கூறியது நியாயமே. ஆனால் மரியாவின் கணக்கு வேறு. மண் ஊருடையது, முறை முன்னோருடையது என்று எண்ணும் பண்பில் வளர்ந்தவர்க்குப் பெயர் மட்டும் தனிச்சொத்தாகத் தோன்றுமா?

இவ்வூரிலிருந்து மேற்கே நோக்கினால் அதே பாஹரித்தோ மேட்டில் லாஸ் அலமோஸ் என்னும் நகர் உள்ளது. 1943-ஆம் ஆண்டு அங்கேதான் அணுகுண்டு செய்வதற்கான ஆய்வுக்கூடம் அமைந்தது. சான் இல்தெபோன்சோ ஊரார் பலர் அங்கு வீட்டுவேலைக்கும் பிற பணிகளுக்கும் சென்றுவந்தனர்; அங்கிருந்த அறிஞர்கள் இறங்கிவந்து கருங்கலங்களை வாங்கிச் சென்றனர். மேட்டின்மேல் உருவான நெருப்பு 1945-இல் இரு நகரங்களைச் சாம்பலாக்கியது. அடிவாரத்து நெருப்போ ஓர் ஊரின் அடுப்புகளை எரியச் செய்துகொண்டிருந்தது. மனிதனின் அறிவு யாருக்காக என்னும் வினா, அவ்விடத்தில் நிற்போர் நெஞ்சில் எழாமலிராது.

ஜூலியன் 1943-இல் காலமானார். மருமகள் சந்தானாவும், பின்னர் மகன் போபோவி டாவும் மரியாவுடன் இணைந்து உழைத்தனர். 1980-இல் மரியா இறைவனடி சேர்ந்தார். அவர் வழியினரும் ஊராரும் இன்றும் வனைகின்றனர். அங்குச் செல்வோர் ஊராரின் நெறிகளை மதிக்க வேண்டும்; அனுமதியின்றிப் படம் எடுக்கலாகாது; கிவாவுக்குள் நுழையலாகாது.

சீராக்கின் ஞானநூல் குயவரையும் கைவினைஞரையும் பற்றிப் பேசுமிடத்தில், அவர்களின்றி நகர் அமையாது என்னும் உண்மையை உணர்த்துகிறது. நம் பங்குகளிலும் குயவரும் தச்சரும் கொல்லரும் நெசவாளரும் இருக்கின்றனர். பொங்கற்பானை வாங்கும் நாளோடு அவர்கள் நினைவு நமக்கு முடிந்துவிடுகிறது. அவர்தம் பிள்ளைகள் தொழிலைக் கற்க வேண்டுமென்று நாம் விரும்பினால், அத்தொழில் அவர்களுக்குச் சோறு போடவும் வேண்டும். சான் இல்தெபோன்சோவில் கலை பிழைத்தது வாங்குவோர் நல்ல விலை கொடுத்ததாலும், கற்றவர் கற்றதை ஒளிக்காமல் கொடுத்ததாலுமே. இவ்விரண்டில் முதலாவதேனும் நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை மண்சட்டிக்குப் பேரம் பேசுமுன் அதைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.