நிற்பதுதான் மரியாதையா?

பெர்லினில் மகள் வீட்டுக்குப் போன புதிதில் எனக்குப் பிடிபடாதது அந்த ஊர் ஞாயிற்றுக்கிழமைதான். பால் தீர்ந்துவிட்டதே, கீழே போய் வாங்கி வரலாம் என்று கிளம்பினால், "இன்னிக்குக் கடை இருக்காதும்மா" என்றாள். பெரிய ரயில் நிலையத்துக்குள் சில கடைகள், காலையில் கொஞ்ச நேரம் ரொட்டிக் கடைகள், அவ்வளவுதான். நடுராத்திரியிலும் ஆவி பறக்க இட்லி கிடைக்கும் மதுரையிலிருந்து போனவளுக்கு, இதெல்லாம் ஒரு தலைநகரமா என்றிருந்தது.

விசாரித்தால், ஞாயிறு ஓய்வுக்கு ஜெர்மனியின் அரசியல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1919-இல் வைமார் அரசியல் சட்டத்தில் எழுதியதை, 1949-இல் இன்றைய அடிப்படைச் சட்டத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று பெர்லின் மாநிலம் சட்டம் போட, தேவாலயங்கள் வழக்குக்குப் போயின. 2009-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது. தொழிற்சங்கங்களும் ஞாயிறை விட்டுக்கொடுப்பதில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுபவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சாமான்களை மின்னல் வேகத்தில் தள்ளிவிடுவார். எடுத்துப் பையில் போடுவது நம் பாடு. சிரிப்பு, உபசாரம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் எழுந்து நிற்கவில்லையே என்று யாரும் குறைபட்டுக்கொள்வதில்லை.

ஊருக்குத் திரும்பியதும், சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக விளக்குத்தூண் பக்கம் சேலை எடுக்கப் போனேன். வாசலிலேயே "வாங்கம்மா, வாங்க" என்று வரவேற்பு. எந்தக் கல்யாணம், யாருக்குச் சேலை, மாநிறமா சிவப்பா என்று கேட்டுக் கேட்டு ஒரு பெண் மலைபோல் பிரித்துப் போட்டாள். முகம் சுளிக்கவே இல்லை. இந்த வாஞ்சைக்குத்தான் ஏங்கிப் போயிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த சேலைக்கு அவள் திரும்பியபோது கவனித்தேன்: ஒரு காலின் பாரத்தை இன்னொரு காலுக்கு மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அவள் பக்கமும் ஒன்று கிடந்தது. அதன்மேல் சேலைப் பெட்டிகள்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2018-இல் கேரளம் சட்டம் கொண்டுவந்தது. 2021-இல் தமிழ்நாடும் கொண்டுவந்தது. சென்னை ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் கதையை 'அங்காடித் தெரு' படம் திரையில் காட்டியது 2010-இல். சட்டம் வரப் பதினோரு வருஷம்.

"கொஞ்சம் உட்காரும்மா" என்றேன். "கஸ்டமர் இருக்கும்போது எப்படிம்மா உக்கார்றது? மரியாதையா இருக்காதே" என்று சிரித்தாள்.

முதலாளி திட்டுவார் என்று சொல்லியிருந்தால் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். அவள் சொன்னது என்னை. பெரியவர்களைக் கண்டால் எழுந்திருக்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம். காசு கொடுக்கிறவர்களும் எப்போதோ அந்தப் பெரியவர்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டோம். பெர்லினின் விறைப்பு இங்கே வர வேண்டாம். எந்தக் கல்யாணம் என்று அவள் கேட்கட்டும். உட்கார்ந்துகொண்டே கேட்டாலும் அந்த வாஞ்சை குறையாது என்று முதலில் நம்ப வேண்டியது கல்லாவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாம்தான்.