சைக்கிளைத் தோளில் சுமக்கும் பந்தயம்

சைக்கிள் எம்மைச் சுமக்கும் என்றுதான் நாம் அறிந்திருக்கிறோம். ஆனால், ஓடுபவர் சைக்கிளைச் சுமந்துகொண்டு ஓடும் பந்தயமும் ஒன்று உண்டு. அதற்குச் சைக்கிளோ குரொஸ் என்று பெயர். பெல்ஜியம் நாட்டின் வடபகுதியான பிளாண்டர்ஸ் மக்களுக்கு இது உயிர் போன்றது.

ஒக்டோபர் தொடக்கம் பெப்ரவரி வரை அங்கே குளிரும் மழையும். அந்தக் காலத்தில்தான் இப்பந்தயங்கள் நடைபெறுகின்றன. சனிக்கிழமை ஓர் ஊரில் என்றால் ஞாயிற்றுக்கிழமை இன்னோர் ஊரில். எமது கோயில் திருவிழாவுக்குச் சனம் திரள்வதுபோல, குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை கம்பளி உடுப்போடு வந்து குவிகிறார்கள். பொரித்த உருளைக்கிழங்கின் வாசம் தூரத்திலேயே மூக்கில் ஏறும். தமக்குப் பிடித்த வீரரின் பெயர் பொறித்த மேலங்கியை ஒரு கூட்டமே அணிந்து நிற்கும். மணி அடித்தும் கத்தியும் உற்சாகப்படுத்துவார்கள்.

பந்தயப் பாதை ஒரு சுற்று சுமார் 3 கிலோமீற்றர். புல்வெளி, சேறு, மேடு, படிக்கட்டு எல்லாம் அதில் வரும். 40 சென்ரிமீற்றர் வரை உயரமான பலகைகளைக் குறுக்கே வைத்திருப்பார்கள். அந்த இடங்களில் பெரும்பாலானோர் துள்ளி இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடி, மீண்டும் பாய்ந்து ஏறுகிறார்கள். சேறு அப்பிய சைக்கிளை அதற்கென ஒதுக்கிய இடத்தில் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம். அங்கே குடும்பத்தவர்கள் நீர் பாய்ச்சிக் கழுவி, அடுத்த சுற்றுக்குத் தயாராக வைத்திருப்பார்கள். ஓடுபவர் ஒருவர், அவருக்குப் பின்னால் நனைந்த கைகள் பல.

கடற்கரை ஊரான கொக்சைடவின் பாதை மணல் திட்டிகள் மீது செல்கிறது. முன்சென்ற சில்லின் தடத்தில் தன் சில்லையும் வைத்து ஓட்ட வேண்டும். தடம் தவறினால் முன்சில்லுப் புதையும். உடனே இறங்கி ஓட வேண்டியதுதான். மணல் ஒழுங்கையில் தண்ணீர்க் கானைக் கட்டிச் சைக்கிள் உருட்டிய எமது பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2012 இல் உலகச் சம்பியன் போட்டி இங்கு நடந்தபோது ஆண்கள் பிரிவில் முதல் ஏழு இடங்களையும் பெல்ஜியம் வீரர்களே பிடித்தார்கள். பெண்கள் பிரிவில் நெதர்லாந்தின் மரியான் வொஸ் வென்றார்.

அந்த மண்ணும் போரைக் கண்ட மண்தான். 1914 இல் ஜேர்மன் படையைத் தடுப்பதற்காக, அருகிலுள்ள நியூபோர்ட் நகரின் மதகுகளைத் திறந்து கடல்நீரை வயல்களுக்குள் விட்டார்கள். நான்கு ஆண்டுகள் போர்முனை அங்கேயே நின்றது. கொக்சைடவில் இன்றும் போர்க்கால மயானம் ஒன்று இருக்கிறது. அதே ஊரில்தான் பிள்ளைகள் சேற்றில் விழுந்து எழும்பிச் சிரிக்கிறார்கள்.

இனிப் பெண்களின் கதைக்கு வருவோம். ஆண்களுக்கான உலகச் சம்பியன் போட்டி 1950 இல் ஆரம்பமானது. பெண்களுக்கு அந்த வாய்ப்பு 2000 ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. ஐம்பது வருட இடைவெளி! நெதர்லாந்தில் நடந்த அந்த முதற் போட்டியில் ஜேர்மனியின் ஹங்கா குப்பர்நாகல் வென்றார். இளையோர் பெண்களுக்கான பிரிவு 2020 இல்தான் சேர்க்கப்பட்டது.

பரிசுப் பணத்திலும் நீண்டகாலம் பாகுபாடு இருந்தது. ஒரே சேற்றில் உழைத்தாலும் பெண்ணின் கையில் விழுந்தது சிறு தொகையே. பிரித்தானிய வீராங்கனை ஹெலன் வைமன் போன்றவர்கள் இதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். இன்று பெரிய பந்தயங்களில் பெண்களின் ஓட்டம் ஆண்களின் ஓட்டத்துக்குச் சற்று முன்னர், சனம் நிறைந்த பிற்பகலில் நடக்கிறது. தொலைக்காட்சியும் நேரடியாகக் காட்டுகிறது. பெல்ஜியத்தின் சானே கான்ற் 2017, 2018, 2019 என மூன்று தடவை தொடர்ந்து உலகச் சம்பியனானபோது ஊரே கொண்டாடியது.

எமது சனசமூக நிலையங்களிலும் விளையாட்டு விழாக்கள் நடக்கின்றன. ஆண்களுக்கு நீண்டதூரச் சைக்கிள் ஓட்டம்; பெண்களுக்கோ மெதுவான சைக்கிள் ஓட்டமும் தேசிக்காய்க் கரண்டியும். சந்தைக்கும் வேலைக்கும் தினமும் பல மைல் மிதிக்கும் பெண்ணுக்கு விழாவன்று மட்டும் ஏன் மெதுவாக ஓடும் போட்டி?

சகோதரிகளே, அடுத்த விழாவுக்கான கூட்டத்தில் மூன்று விடயங்களைக் கேளுங்கள். பெண்களின் ஓட்டம் எத்தனை மைல்? எத்தனை மணிக்கு? பரிசு எவ்வளவு? பிளாண்டர்ஸ் பெண்களும் இந்தக் கேள்விகளைக் கேட்டுத்தான் முன்னுக்கு வந்தார்கள். மணலில் இறங்கி ஓடினாலும் சுற்று சுற்றுத்தான். அதைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.