யார் பெரிதாக, யார் சிறிதாக: சியாம சுந்தரின் கோடுகள்

ஒரு கார்ட்டூனைப் பார்த்து சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். படத்தில் யார் பெரிதாக இருக்கிறார்? யார் சிறிதாக இருக்கிறார்? வரைந்தவர் யார் பக்கம் நின்று பார்க்கிறார்? எனக்கு இந்தப் பழக்கம் விஜயவாடாவில் வளர்ந்த கார்ட்டூனிஸ்ட் உன்னமதி சியாம சுந்தரால் வந்தது. நம் மாணவர்கள் பலருக்கு அவர் பெயரே தெரியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

2012 மே மாதம். உங்களில் பலர் அப்போது சிறு பிள்ளைகள். என்சிஇஆர்டியின் 11ஆம் வகுப்பு அரசியல் பாடநூலில் இருந்த ஒரு கார்ட்டூன் நாடாளுமன்றத்தை உலுக்கியது. 1949இல் சங்கர் வரைந்தது. அரசமைப்புச் சட்டம் என்னும் நத்தையின் மேல் அண்ணல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் சாட்டையோடு நேரு. தொல். திருமாவளவன் அவையில் எதிர்ப்பு தெரிவித்தார். ஒன்றிய அரசு படத்தை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. உடனே தலித்துகளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை, கருத்துச் சுதந்திரம் போச்சு என்று பெரிய பெரிய அறிவாளிகள் எல்லாம் நமக்கு வகுப்பெடுத்தார்கள்.

அந்த நத்தை எதை மறைத்தது? வரைவுக் குழுவில் ஏழு பேர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவர்களுக்கு வேறு வேலைகள். கடைசியில் சுமை முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது. இதை நான் சொல்லவில்லை. அந்தக் குழுவில் இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியே 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் சொன்னார். உடல்நலம் கெட்ட நிலையில் ஒரு மனிதர் இழுத்த தேரை நத்தை என்று வரைந்து, அவர் முதுகுக்குப் பின்னால் சாட்டையையும் வைத்தார்கள்.

நாம் முழக்கம் போட்டோம், போடவும் வேண்டும். சியாம சுந்தர் கூடுதலாக ஒன்று செய்தார். பழைய நாளிதழ்களின் ஆவணக் காப்பகங்களுக்குள் போனார். அவருக்குப் படம் புதிதல்ல. சந்தமாமா, அதாவது நம் அம்புலிமாமா, படித்து வளர்ந்தவர். டெல்லி ஜேஎன்யூவில் அந்த இதழின் ஓவியங்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர். வடபழனியில் அச்சான ஒரு சிறுவர் இதழ் விஜயவாடாவில் ஒரு தலித் பையனின் கையில் தூரிகையைக் கொடுத்திருக்கிறது!

தேடலின் விளைவு, 2019இல் நவயானா வெளியிட்ட 'நோ லாஃபிங் மேட்டர்'. 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் அம்பேத்கர் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கார்ட்டூன்கள், ஒவ்வொன்றுக்கும் அதன் வரலாற்றோடு. சங்கர், என்வர் அகமது, ஆர்.கே. லட்சுமண் என்று பெரிய பெயர்கள். ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் நகைச்சுவை என்று விட்டுவிடலாம். வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போதுதான் பழக்கம் தெரிகிறது. காந்தியும் நேருவும் பெரிதாக நிற்க, நல்ல ஆகிருதி உள்ள அண்ணல் சிறுத்துப் போகிறார். அந்த அடுக்குதல்தான் அவர் செய்த அரசியல் வேலை. இதோடு ரவுண்ட் டேபிள் இந்தியா போன்ற அம்பேத்கரிய இணைய இதழ்களில் தன் சொந்தக் கார்ட்டூன்களையும் வரைந்தார்.

இதை எர்ணாவூரில் உட்கார்ந்து படிக்கும்போது எனக்கு வேறொன்றும் உறைத்தது. வடசென்னைக்காரனை எப்படி வரைகிறார்கள்? மடித்துக் கட்டிய லுங்கி, கன்னத்தில் வெட்டுத் தழும்பு, கையில் பட்டாக்கத்தி. பின்னணியில் குடிசை. கன்டெய்னர் லாரிக்கு நடுவே சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை யாரும் வரைவதில்லை. அனல்மின் நிலையச் சாம்பலைத் தினமும் பெருக்கும் அம்மாவை வரைவதில்லை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் கையில் மக்கையும் பக்கெட்டையும் வைத்துக்கொண்டு அள்ளினார்களே, அதற்கு எத்தனை கார்ட்டூன் வந்தது?

சுனாமி குடியிருப்பில் நாங்கள் நடத்தும் மாலை டியூஷனில் ஒன்பதாவது படிக்கும் ஒரு தங்கை அதை வரைந்தாள். எண்ணெய் வழியும் கைகளோடு மீனவர் தாள் முழுக்க நிற்கிறார்; ஓரத்தில் தீக்குச்சி அளவுக்கு, வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறார். "ஏம்மா அவரு இவ்ளோ சின்னதா இருக்காரு?" என்றேன். "தூரமா நின்னாருண்ணா, அதான்" என்றாள். சியாம சுந்தர் புத்தகத்தை அவள் பார்த்ததே இல்லை.

வீட்டில் அவளுக்குத் திட்டு. படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா, போலீஸ் கேஸ் ஆயிடுமோ என்ற பயம். பயம் பொய்யில்லை. நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை வரைந்ததற்காக, 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலா கைது செய்யப்பட்டார். பிள்ளைகளை வரையச் சொல்லும் நாம், வழக்கு வந்தால் கூட நிற்க வழக்கறிஞரையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். படிப்பு முடித்து இதிலேயே பிழைக்க வழி உண்டா என்றும் பார்க்க வேண்டும். நம் கூட்டங்களுக்கான சுவரொட்டி, துண்டறிக்கை, புத்தக அட்டை எல்லாவற்றையும் அவர்களுக்குக் காசு கொடுத்து வரையச் சொல்வதிலிருந்து தொடங்கலாம்.

வரைபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தின் அடியில் பெயரும் தேதியும் ஊரும் எழுதுங்கள். போனில் மட்டும் வைக்காமல் தாளையும் பத்திரப்படுத்துங்கள். அண்ணலைச் சிறிதாக வரைந்த படங்கள் எழுபது, எண்பது ஆண்டுகள் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. நம் படங்களும் இருக்கட்டும். அந்தத் தங்கையின் படத்தை டியூஷன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். எர்ணாவூர் பக்கம் வந்தால் பாருங்கள்.

ஜெய் பீம்!