ஒட்டிக்கொள்ளும் விளம்பரமும் ஒரு சிறுவனின் விரலும்



சென்ற சனிக்கிழமை ஈசூனில் உள்ள எங்கள் வீட்டிற்குத் தம்பி வந்திருந்தான். ஓய்வு நேரத்தில் சிறுவர்க்கான தமிழ்ப் பயிற்சித் தளம் ஒன்றை அவன் நடத்தி வருகிறான். கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழ்த் தளங்களையும் ஏற்கத் தொடங்கியது. அதன்வழி வரும் சிறு தொகைதான் அவனது தளத்தின் ஆண்டுக் கட்டணத்தைத் தாங்கி நிற்கிறது.

அத்தளத்தில் ஒருமை பன்மைப் பயிற்சி செய்துகொண்டிருந்த என் மகன், 'அடுத்து' என்னும் பொத்தானைத் தொட்டான். திறந்ததோ ஒரு காலணிக் கடை! பக்கத்தை எவ்வளவு நகர்த்தினாலும் அகலாமல் திரையின் அடியில் ஒட்டியிருந்த விளம்பரப் பட்டையில் அவன் விரல் பட்டுவிட்டது.

"விதிப்படிதான் வைத்திருக்கிறேன், அக்கா" என்றான் தம்பி.

அவன் சொன்னதில் பாதி உண்மை. சிறந்த விளம்பரங்களுக்கான கூட்டமைப்பு 2017இல் வெளியிட்ட தரநெறிப்படி, திரையில் 30 விழுக்காட்டுக்கு மேல் இடம்பிடித்து நிற்கும் ஒட்டு விளம்பரமே தகாதது. இத்தரநெறிகளைத் தொடர்ந்து மீறும் தளங்களில் விளம்பரங்களைக் குரோம் உலாவி தடுத்துவிடும். 2018 பிப்ரவரி 15இல் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொடங்கிய அந்நடைமுறை, 2019 ஜூலை 9 முதல் உலகெங்கும் விரிந்தது.

தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்குப் போட்டேன். பட்டையின் உயரம் 120 புள்ளி. நிமிர்த்திப் பிடித்த கைபேசித் திரையின் உயரம் 640 புள்ளி. ஏறத்தாழ 19 விழுக்காடு, தம்பி வென்றான். ஆனால் என் மகன் கைபேசியைப் படுக்கவைத்துப் பிடித்திருந்தான். அப்போது திரையின் உயரம் 360 புள்ளிதான். பட்டையோ 33 விழுக்காட்டை விழுங்கிவிட்டது! தம்பி வாய் திறக்கவில்லை.

அளவு மட்டுமே விதியன்று. விளம்பரம் உள்ளடக்கத்தை மறைத்தல் கூடாது; தவறுதலாகச் சொடுக்கும்படி பொத்தானை நெருங்கி நிற்றலும் கூடாது என்பன கூகுளின் இட விதிகள். கூகுளே அளிக்கும் நங்கூர விளம்பரத்தை வாசகர் ஒதுக்கிவிட வழியுண்டு. தம்பியோ தானே நிரல் எழுதியிருந்தான். மூடுவதற்கு ஒரு குறியும் இல்லை.

நம் வீவக நடைவழியை எண்ணிப் பாருங்கள். பூந்தொட்டி வைக்கலாம், ஆனால் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்திற்கு வழிவிட வேண்டும் என்பது சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் விதி. தொட்டி அழகானதா என்று எவரும் கேட்பதில்லை. ஆள் நடக்க முடிகிறதா என்பதே கேள்வி. ஒட்டு விளம்பரத்திற்கும் அதுவே பொருந்தும்.

"எடுத்துவிட்டால் வருமானம் குறையுமே, அக்கா?" என்றான் தம்பி. குறையும்தான். ஆனால் ஏழு வயதுச் சிறுவன் தெரியாமல் தொட்டதற்குக் காலணிக் கடைக்காரர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? வகுப்பில், பிறர் விடையைப் பார்த்தெழுதிய மதிப்பெண்ணை நான் ஏற்பதில்லை. இதனையும் ஏற்க இயலவில்லை.

அன்றிரவே பயிற்சிப் பக்கங்களிலிருந்து பட்டையை நீக்கினான். முகப்பில், பொத்தான்களுக்கு எட்டாத தொலைவில், 'விளம்பரங்கள்' என்னும் தலைப்பின்கீழ் ஒன்று மட்டும் இருக்கிறது. ஆண்டுக் கட்டணத்தில் குறைவதை நாங்கள் இருவரும் பகிர்ந்துகொள்வதாக முடிவு செய்துள்ளோம்.

தளம் நடத்தும் நண்பர்களே, உங்கள் பக்கத்தையும் ஒருமுறை கைபேசியைப் படுக்கவைத்துப் பாருங்கள்.