உளிக்குக் கொடுக்கும் பதம்

கருங்கல்லின் கடினத்தை அறிய மாமல்லபுரம் சென்றால் சிற்பக்கூடத்தோடு திரும்பிவிடக் கூடாது. உளி காய்ச்சும் உலைப்பட்டறையிலும் நிற்க வேண்டும். கடினம் என்பது பொருளோடு பிறந்த மாறாத குணம் என்ற எண்ணம் அங்கே நிலைப்பதில்லை. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7, ஃபெல்ட்ஸ்பாருக்கு 6. உளியின் எஃகும் ஏறத்தாழ இதே அளவில்தான் நிற்கிறது. ஆகவே உளி கல்லைச் சீவுவதில்லை. சுத்தியடியின் விசையை ஒரு முனையில் குவித்துக் கல்லைப் பொடித்து உதிர்க்கிறது, கூடவே தானும் மழுங்குகிறது. மழுங்கிய உளியைக் கொல்லர் சிவக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, மறுபடி காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார். சற்றுமுன் சுத்திக்கு வளைந்து கொடுத்த அதே முனை, இப்போது அரத்துக்கும் மசியாது.

அதில் புதிதாக எதுவும் சேரவில்லை. உள்ளே அணுக்களின் அடுக்கு மாறியிருக்கிறது. அணு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று எளிதாக நழுவினால் உலோகம் மென்மையாக இருக்கும். நழுவல் தடைபட்டால் கடினமாகும். எஃகு சுமார் 750 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காயும்போது அதிலுள்ள கார்பன் இரும்புக்குள் கரைந்து பரவுகிறது. மெல்ல ஆறவிட்டால் அது தனியே பிரிந்துவிடும். சட்டென்று குளிர்ந்தால் பிரிய நேரமின்றி உள்ளேயே சிக்கி, அடுக்கை இறுக்கி நழுவலைத் தடுக்கும். ஆனால் அந்த அளவுக்கு இறுகிய முனை முதல் அடியிலேயே தெறித்துவிடும். அதனால் கொல்லர் தோய்த்த முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தண்டில் மிஞ்சிய சூடு முனைக்கு ஏறுவதைக் கவனிக்கிறார். முனையில் வைக்கோல் மஞ்சள் நிறம் வந்தால் சூடு சுமார் 230 டிகிரி. நீலம் வந்தால் 300ஐ நெருங்குகிறது. வேண்டிய நிறத்தில் மீண்டும் தண்ணீர். சிறிது கடினத்தை விட்டுக்கொடுத்து, உடையாத உறுதியை வாங்கும் முடிவு அது.

கார்பன் போதாத இரும்பை எத்தனை முறை தோய்த்தாலும் இறுகாதே, அப்படியானால் பொருள்தானே தீர்மானிக்கிறது என்று கேட்கலாம். பொருள் எல்லையை வகுக்கிறது என்பது உண்மை. ஆனால் வைரமும் பென்சிலின் கிராஃபைட்டும் ஒரே கார்பன்தான். அணுக்கள் பிணைந்த விதமே ஒன்றைக் கடினத்தின் உச்சியிலும் மற்றதைத் தாளில் உதிரும் மென்மையிலும் வைக்கிறது. டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த உளி வந்துவிட்டது, இனிக் கொல்லர் எதற்கு என்பது இரண்டாவது கேள்வி. அந்த முனையிலும் கடினமான கார்பைடுத் துகள்களை அவற்றைவிட மென்மையான கோபால்ட்டுதான் பிடித்துவைக்கிறது. கடினத்துக்கும் உறுதிக்கும் இடையிலான அதே சமநிலை ஆலைக்கு இடம் மாறியிருக்கிறது, அவசியம் மறையவில்லை.

மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பங்கள் உளிமுனையின் பதத்தில் நிற்பவை. நிறம் பார்த்துப் பதம் சொல்லும் அறிவைப் பாடமாக எழுதிவைக்க வேண்டும். அதைக் கையில் வைத்திருப்பவர்களைச் சிற்பிகளுக்கு நிகரான கலைஞர்களாக மதிக்க வேண்டும்.