தங்கம் தியேட்டரும் என் பெரியப்பாவும்

மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உள்ள மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இன்று 'சென்னை சில்க்ஸ்' ஜவுளிக்கடை நிற்கிறது. அந்த இடத்தில் முன்பு இருந்தது 'தங்கம்' தியேட்டர். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 17, தீபாவளி அன்று வெளியான 'பராசக்தி'தான் அங்கே முதல் படம். சிவாஜி கணேசனுக்கும் அதுதான் முதல் படம். வசனம் கலைஞர், இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. ஒரே கூரையின் கீழ் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள். (அளந்து பார்த்தது யார் என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள்!)

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் என் பெரியப்பா. எங்கள் தூத்துக்குடியில் ஒரு தியேட்டரில் (பெயர் வேண்டாமே) இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் புரொஜெக்டர் ரூமில் வேலை பார்த்தவர். சார்லஸ், பாலகிருஷ்ணா என்று நம் ஊர்த் தியேட்டர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். வாலிப வயதில் தங்கத்தைப் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறி மதுரைக்குப் போயிருக்கிறார். படம் என்ன என்பது இப்போது ஞாபகம் இல்லை. "எலே, நான் திரையையா பாத்தேன்? பின்னால அந்த ஓட்டையிலிருந்து வாற வெளிச்சத்தைல்லா பாத்தேன். அம்புட்டுத் தூரம் போயும் மங்கல பாத்துக்கோ" என்பார்.

அந்த வெளிச்சம் எப்படி வந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? செனான் விளக்கு வருவதற்கு முன் கார்பன் ஆர்க்தான். இரண்டு கார்பன் குச்சிகளை ஒட்டவைத்து விலக்கினால் நடுவில் ஆர்க் பிடிக்கும். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளி கூடும். அதை விடாமல் சரி செய்ய வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை இருட்டு, கீழே விசில்! ஃபிலிம் வினாடிக்கு 24 பிரேம் ஓடும். ஆயிரம் அடி ரீல் சுமார் 11 நிமிஷம். ஒரு ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும். முதல் புள்ளிக்கு அடுத்த மிஷினை ஓட்டணும், இரண்டாவதுக்கு மாத்தணும். பெரியப்பா இன்றைக்கும் டி.வி.யில் பழைய படம் பார்த்தால் அந்த மூலையைத்தான் பார்ப்பார்.

ஆபரேட்டர் லைசென்ஸுக்குப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. கடைசி வரை சம்பளப் புத்தகத்தில் உதவியாளர்தான், ஓட்டியது முழுக்க அவர்தான்.

இந்த விஷயத்தில் நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்தவர். 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். டிராயிங் போர்டு பிடித்த கை அது!

பெரிய தியேட்டர்களை விழுங்கியது ஒரே பூதம் அல்ல. எண்பதுகளில் டி.வி., வி.சி.ஆர்., தொண்ணூறுகளில் கேபிள். 2,500 இருக்கையில் முந்நூறு பேர் உட்கார்ந்தால் கரண்ட் பில்லுக்குக் கட்டுமா? நடுவூரில் இடத்தின் விலையோ ஏறிக்கொண்டே போனது. தங்கம் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டு, ஜவுளிக்கடை ஆனது. கடையைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, அங்கேயும் நூற்றுக்கணக்கான பேர் வேலை பார்க்கிறார்கள். ஆனால் ஒன்று: தரை டிக்கெட் எடுத்தவனுக்கு மூன்று மணி நேரம் அந்த இடம் சொந்தம். கடையில் கையில் காசில்லாதவன் மூன்று நிமிஷம் நிற்கக் கூச்சப்படுவான்.

2010-ஐ ஒட்டி டிஜிட்டல் வந்தது. ரீல் பெட்டி போய், ஹார்டு டிஸ்க்கும் சாட்டிலைட்டும் வந்தன. கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையன் போதும் என்று பெரியப்பாவை அனுப்பிவிட்டார்கள். இப்போது உப்பு குடோன் ஒன்றில் நைட் வாட்ச்மேன்.

போன மாதம் நான் மின்னியல் புத்தகத்தில் ஆர்க் விளக்கு பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். மொத்தமே அரைப் பக்கம். சத்தமாக வாசிக்கச் சொன்னார். டி.சி.யில் பாசிட்டிவ் கார்பன் வேகமாகக் குறையும், அதனால் அதைத் தடிமனாகச் செய்வார்கள் என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது சரிதாம்ல. ஆனா அதுக்கு முனையில குழி விழும், அந்தக் குழியிலிருந்துதான் வெளிச்சமே வரும். அத எழுதலையா?"

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். எழுதவில்லை. பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.